தோற்க வேண்டிய பந்தயம்

"ஜெயிக்கிறவனை எந்தக் கம்பெனி சைக்கிளை விட்டு இறக்கும், மாரப்பா? ஒரு தடவை தோத்துட்டு வா. அப்புறம் பேசலாம்."

மானேஜர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மாரப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. இதையேதான் போன வருஷமும் சொன்னார். அதற்கு முந்தின வருஷமும் சொன்னார்.

எருத்தேன்பதியில் சைக்கிளில் பால் கேன் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தவனை, கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலை ஒன்று சைக்கிள் பந்தயத்துக்கென்றே வேலைக்கு எடுத்திருந்தது. முதலில் வெளியூர் சிமென்ட் டிராக்குகளில் சுற்றினான். பிறகு ரோடு ரேஸ். விழாத ஊர் இல்லை, தோல் உரியாத முட்டி இல்லை. இப்போது எழுபத்தெட்டாம் வருஷத்துத் தை மாதம். காலையில் எழுந்தால் இடது முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது. ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தால் போதும் என்றுதான் கேட்கிறான்.

வீட்டில் இதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. மனைவி ராமாத்தாள் அவன் ஜெயித்த கோப்பைகளைத் துடைத்துத் துடைத்து அடுக்கி வைத்திருந்தாள். யார் வந்தாலும் எது எந்த ஊரில் வாங்கியது என்று அவளே சொல்வாள். அவளிடம் போய், எனக்கு அலுத்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? சொல்லாமல் தோற்றுவிடுவதே மேல் என்று முடிவு செய்தான்.

தோற்பதற்கு ஆள் இருந்தான். நல்லதம்பி. அதே கம்பெனிக்காரன், மூணாறுப் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவன். இருபத்துநாலு வயது. போன இரண்டு வருஷமும் இரண்டாவதாக வந்தவன். ஒருமுறை விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்து கிடந்தபோது, ராமாத்தாள்தான் அவனுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பந்தயம் கஞ்சிக்கோட்டில் தொடங்கியது. கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வழியாகப் பாலக்காட்டுக்குப் போய், மறுபடியும் கம்பெனி வாசலுக்கே வர வேண்டும். பாலக்காட்டை விட்டுத் திரும்பியதும் கிழக்கிலிருந்து கணவாய்க் காற்று மார்பில் வந்து மோதியது. மற்றவர்கள் எல்லாரும் பின்தங்கிவிட்டார்கள். நல்லதம்பி மட்டும் மாரப்பனின் பின்சக்கரத்தை ஒட்டியே வந்தான். முன்னால் போகிறவன் காற்றை வாங்கிக்கொள்ள, பின்னால் வருகிறவனுக்குப் பாதி வேலை மிச்சம். கடைசி மைலில் சட்டென்று விலகி முந்திவிடலாம். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

மாரப்பன் மெதுவாக்கினான். நல்லதம்பியும் மெதுவாக்கினான்.

மாரப்பன் இன்னும் மெதுவாக்கினான். தொடையைப் பிடித்துக்கொண்டு தசை இழுத்த மாதிரி முகத்தைச் சுளித்தான். பின்னால் சக்கரச் சத்தம் அதே தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது.

"முன்னால போடா" என்றான் திரும்பாமல்.

நல்லதம்பி விலகவில்லை. சாலையோரம் ஆட்கள் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். நின்றால் சந்தேகப்படுவார்கள். எல்லைக்கோட்டை மாரப்பனே முதலில் தாண்டினான். பட்டாசு வெடித்தது. மானேஜர் மாலையைப் போட்டு, அடுத்த வருஷமும் நீதான் என்று காதருகே சொன்னார்.

கூட்டம் கலைந்த பிறகு சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் நல்லதம்பியைப் பிடித்தான். அவனுக்கு மூச்சு வாங்கக்கூட இல்லை. வேர்வையும் காய்ந்திருந்தது. இன்னொரு பந்தயம் ஓட்டச் சொன்னாலும் ஓட்டியிருப்பான்.

"எதுக்குடா முந்தல?"

நல்லதம்பி தரையைப் பார்த்தான். "மதினிட்டக் கேளுங்கண்ணே. நான் வாக்குக் குடுத்துட்டேன்."

குவார்ட்டர்ஸ் வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனான் மாரப்பன். ஏறி மிதிக்கக் காலில் தெம்பில்லை. ராமாத்தாள் வெந்நீர் காய வைத்துக் காத்திருந்தாள். கோப்பையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அவன் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நல்லதம்பிகிட்ட என்ன சொன்ன?"

எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. முதலில் மழுப்பினாள். அவன் விடாமல் கேட்கவும், முந்த வேண்டாம் என்று தான்தான் கேட்டுக்கொண்டதைச் சொல்லிவிட்டாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் கோயமுத்தூரில் அவன் தோற்றுவிட்டு வந்து, சோறு திங்காமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தானாம். அதை இன்னொரு தடவை பார்க்கத் தனக்குத் தெம்பில்லை என்றாள்.

"எனக்கு மட்டும் இந்தக் கப்பு மேல என்ன ஆசைங்க? ஒவ்வொரு ரேஸுக்கும் நீங்க திரும்பி வர்ற வரைக்கும் பச்சத்தண்ணி இறங்காதுங்க எனக்கு. விட்டுப்போட்டு ஊட்டுல இருங்கன்னு சொல்லோணும்னு வாய் வரைக்கும் வரும். நீங்கதான் உசுரையே வெச்சிருக்கறீங்களேன்னு சொல்லலீங்க."

பேசப் பேச அலுப்பாகவே இருக்க, மாரப்பன் எல்லாவற்றையும் சொன்னான். இந்தக் கால் ஓய்ந்துபோனதை. இரண்டு வருஷமாகப் போய்ப் போய்க் கேட்டதை. தோற்றால்தான் விடுவேன் என்று மானேஜர் சொன்னதை. இன்று தோற்பதற்கென்றே கிளம்பிப் போனதை.

"போகட்டும் விடு. அடுத்த வருசம் தோத்துக்கலாம். அவனுக்கு நான் சொல்லிக்கறேன். எல்லாம் ஒரே ஒரு தடவை தோக்கறதுலதான் இருக்குது."

ராமாத்தாள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"இன்னைக்கு மட்டும் இல்லீங்க" என்றாள். "போன வருசமும், அதுக்கு முந்தின வருசமும் நான்தானுங்க அவன்கிட்டப் போய்க் கேட்டுக்கிட்டேன்."