தலையைச் சுற்றி ஒரு வட்டம்

திங்கட்கிழமை தாணுவுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். மலையேறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "இதெல்லாம் ஒரு மலையாலே? வெறும் மேடு" என்று கொட்டுகிற மழையில் ஜெபசிங்கையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். வழியெல்லாம் நின்று நின்று மூச்சு வாங்கினான். ஒவ்வொரு தடவையும் ஜெபசிங், செருப்பில் ஒட்டிய சேற்றைச் சுரண்டுவதுபோல் கூடவே நின்றான்.

உச்சிக்கு வந்தபோது மழை விட்டது. முதுகுக்குப் பின்னால் வெயில் அடித்தது. கீழே பள்ளம் முழுக்க மேகம். அதன்மேல் இரண்டு பேருடைய நிழலும் பனை உயரத்துக்கு விழுந்து கிடந்தது. ஜெபசிங்கின் நிழலுக்குத் தலையைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒரு வட்டம். தாணுவின் நிழலுக்கு இல்லை.

அந்தக் குளிரிலும் ஜெபசிங்குக்கு வேர்த்தது. சர்ச்சில் புனிதர்களின் படத்தில் மட்டுமே பார்த்த வட்டம். கழற்றிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுவான். தாணுவைத் தன் இடத்தில் நிறுத்திவிட்டுத் தள்ளி நின்று பார்த்தான். வட்டம் ஜெபசிங்கின் கூடவே வந்தது.

தாணுவின் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது.

"என்ன மக்கா?"

"எனக்குத் தலையச் சுத்தி என்னமோ வட்டமா நிக்குதுலே. ஒனக்கு இல்ல." தாணுவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒடம்புக்கு ஏதும் வந்து எங்கிட்ட மறைக்கியாலே?"

"கிறுக்குப் பயலே, எனக்குல்லா இருக்கு! ஒனக்குத்தான் காணல."

இருவரும் மறுபடி கீழே பார்த்தார்கள். அவனவன் கண்ணுக்கு அவனவன் வட்டம்தான் தெரிந்தது. தாணு நெருங்கி வந்து, நனைந்த தலையை ஜெபசிங்கின் தலையோடு ஒட்டி வைத்தான். மேகத்தின்மேல் இரண்டு தலையும் ஒரே வட்டத்துக்குள் இருந்தன.

"அசையாதலே" என்றான் தாணு.