மாமனாருக்கு ஒரு போர்வை

"அடப்பாவி! எங்கப்பா இன்னும் சாகலையே!"

ஜெனலின் போட்ட கூச்சலில் ஜோவிட்டோ இரண்டடி பின்வாங்கினான். வருங்கால மாமனாரை நாற்காலியில் உட்கார வைத்து, அவர் தோளில் இப்போதுதான் ஆசை ஆசையாகப் புதுப் போர்வையைப் போர்த்தியிருந்தான். பெரியவர் கபூயன் போர்வையை ஒரு தரம் குனிந்து பார்த்தார். "ஹா!" என்று ஒரு சத்தம். கண்ணை மூடி அப்படியே சாய்ந்துவிட்டார்.

"குளிருதேன்னு... நல்லதுன்னு நெனச்சு..."

"இது பொணத்துக்குப் போத்தறது! எங்க ஊர்ல செத்தவங்களை இப்படித்தான் நாற்காலியில உக்கார வைப்போம், இப்படித்தான் போத்துவோம். ஒண்ணுகூட விட்டுப்போகாம செஞ்சிருக்கியே!"

ஜோவிட்டோ பத்தாங்காஸ் கடற்கரைக்காரன். அவன் ஊரில் விசிறிக்குத்தான் வேலை, போர்வைக்கு இல்லை. பாகியோ நகரத்தில் ஒரே பேக்கரியில் வேலை பார்க்கும்போது ஜெனலின்மேல் காதல் வந்து, பெண் கேட்க முதல் தடவையாக இந்த மலையேறி வந்திருக்கிறான். வந்த காலோடு எல்லாம் போச்சு!

"போன வாரம் போன்ல எவ்வளவு பாசமாப் பேசினார்!" என்று புலம்பினான். "குளிர் தாங்கலைன்னு மூணு தடவை சொன்னார். எந்த பஸ்ல வர்றே, தலைக்குத் தொப்பி இருக்கா, என்ன கலர்னு கேட்டார். எங்கப்பாகூட என்னை அப்படி விசாரிச்சதில்லை. அதான் பொன்டாக் சந்தையில இறங்கினதும் போர்வை வாங்கினேன். கடைக்காரிதான் கையைப் பிடிச்சு இழுத்தா. நான் கேட்ட சிவப்புப் போர்வையைத் தரவே மாட்டேன்னுட்டா. இதுதான் வயசானவருக்கு ஆகிவரும், உக்கார வச்சுப் போத்துன்னா."

"எவளோ கேடுகெட்டவ, உன் தலையில மிளகாய் அரைச்சிருக்கா!"

கூச்சல் கேட்டுத் தெருவே கூடிவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெரிய வீட்டு டங்கிவான் வந்தார். ஊரில் பாதி வயல் அவருடையது. மீதிப் பாதியும் தன்னுடையது என்பதுபோல்தான் நடப்பார். கைத்தடியால் போர்வையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"கருநீலக் கரை, நடுவுல மனுச உருவம், பல்லி, உரல்... அடேய், இது எங்க வீட்டு ஆளுங்களுக்கு நெய்யற போர்வையாச்சே! கபூயன் மாதிரி ஆளுக்கு வெறும் கோடு போட்டதுதானே முறை?"

கபூயன் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "நானா கேட்டேன்? ஒண்ணும் தெரியாத கீழ்நாட்டுப் பையன், கொண்டாந்து போத்திட்டான். எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க." சொன்னாரே தவிர, போர்வையின் இரண்டு நுனியையும் இறுக்கிப் பிடித்திருந்தார். பாவம், அவ்வளவு குளிர் போலிருக்கிறது என்று ஜோவிட்டோவுக்கு மனசு கஷ்டமாக இருந்தது.

"இப்பவே கடையில திருப்பிக் குடுத்துடறேன் மாமா!"

"முடியாது தம்பி," என்றார் டங்கிவான், வேப்பங்காயைக் கடித்த முகத்தோடு. "ஒருத்தன் தோள்ல பட்ட போர்வை அந்தத் தோளுக்குத்தான். வேற யாரும் தொடக் கூடாது. எங்க தாத்தா வச்ச சட்டம், நானே மீற முடியுமா? வேற வழியில்லை கபூயா. நீயே வச்சுக்க. போறப்ப இதைப் போத்திக்கிட்டே போ."

"ஐயோ, எனக்கு எதுக்குங்க இவ்வளவு பெரிய பெருமை!" கபூயன் போர்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மாமா... அப்ப எங்க கல்யாணம்?"

"உசுரோட இருக்கறவனைப் பொணமாக்கினவனுக்கா பொண்ணு? மொதல்ல ஒரு பன்றி வெட்டி இந்தத் தோஷத்தைக் கழி. பன்றி கொழுத்ததா இருந்தா, மத்ததை யோசிக்கலாம்," என்றார் கபூயன்.

அடுத்த சனிக்கிழமையே ஜோவிட்டோ பன்றியோடு வந்து நின்றான். அது தோஷத்தைவிடப் பெரிதாக இருந்தது. ஊரே தின்றது, அரிசி மது ஜாடி ஜாடியாகக் காலியானது. மூன்றாவது கிண்ணத்தில் கபூயன் அவன் தலையில் கை வைத்து, "மாப்பிள்ளே!" என்றார். ஜோவிட்டோ அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். எப்பேர்ப்பட்ட மனிதர்! சாவையே தோளில் போட்டவனை மன்னித்துவிட்டாரே!

அப்போதுதான் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். தலையில் அந்த மலைப் பெண்கள் சூடும் பாம்பெலும்பு மாலை, வாயில் தங்கப் பல்.

"ஜெனலின்! அந்தக் கடைக்காரி! இவதான் என்னை ஏமாத்தினவ!" ஜோவிட்டோ துள்ளி எழுந்தான்.

"சத்தம் போடாதே," ஜெனலின் திகைத்துப்போய் அவன் வாயைப் பொத்தினாள். "அது என் அத்தை. அப்பாவோட கூடப்பிறந்த தங்கச்சி."

அத்தை யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய் அண்ணனை ஜாடிப் பக்கம் இழுத்து, ரகசியம் என்று நினைத்துக்கொண்டு, எதிர்மலைக்கே கேட்கும் குரலில் சொன்னாள்:

"ஏண்ணே, பச்சைத் தொப்பின்னு மட்டும் அடையாளம் சொல்லி விட்டியே! அன்னிக்கு முதல் பஸ்ல இறங்கின இன்னொருத்தனும் பச்சைத் தொப்பிதான். அவன் தலையிலயும் ஒண்ணைக் கட்டிட்டேன். பாவம், எந்த வீட்டு மாமனார் இப்ப நாற்காலியில உக்காந்திருக்காரோ!"