கூரைக்குக் கீழே

மூன்றாவது மணியும் அடித்து ஓய்ந்தது. யாரும் படியேறவில்லை.

புதிய கோயிலில் இன்று முதல் பூசை. நோட்டோ ஊர்ச் சனம் மொத்தமும் நல்ல உடுப்பில் சதுக்கத்தில் நின்று முகப்பை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. தேன் நிறக் கல். காற்று நிறைந்த கப்பல் பாய் மாதிரி முன்னால் புடைத்து வளைந்த சுவர். முறுக்கிய தூண்களில் திராட்சைக் குலைகள், அவற்றுக்கு மேலே கன்னம் உப்பிய, சிறகு விரித்த சம்மனசுகள்.

சாரம் பிரித்த நாளிலிருந்து சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள்கூட வண்டி கட்டி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

பார்ப்பது வேறு. உள்ளே போவது வேறு.

சிசிலித் தீவே ஆடிய அந்தப் பூகம்பத்தில், மலைமேல் இருந்த பழைய ஊர் தரைமட்டமாகி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. மிஞ்சியவர்கள் கீழே இறங்கி வந்து, இந்தச் சரிவில் கயிறு பிடித்து நேர்நேராகத் தெருக்கள் போட்டார்கள். முதலில் பலகைக் குடிசைகள். அப்புறம் கல் வீடுகள். ஆனால் தலைக்கு மேல் இவ்வளவு உயரத்தில் கல் ஏறியது இதுதான் முதல் தடவை.

அதை ஏற்றிய ஜெசுவால்தோ மேஸ்திரி எல்லோருக்கும் பின்னால், மிச்சக் கற்கள் குவிந்திருந்த இடத்தில் நின்றிருந்தார்.

அவர் கூரைக்குக் கீழே வரமாட்டார். ஊருக்கே தெரியும். சுண்ணாம்புக் காளவாய்ப் பக்கம், ஆலிவ் மரத்தடியில் படுப்பார். மழை பெய்தால் நனைவார். கோயிலின் கூரை வளைவு மூடிய நாளிலிருந்து அவர் உள்ளே கால் வைக்கவில்லை. மீதி வேலையை வாசலில் நின்று குரல் கொடுத்தே வாங்கினார்.

பயம் என்றுதான் ஊர் நினைத்தது.

"சமைச்சவரே வாயில வைக்க மாட்டேங்கிறாரு. நாம எப்படிப்பா சாப்பிடுறது?" என்றார் ரொட்டி சுடும் ஃபிலதெல்ஃபோ.

சிலர் சிரித்தார்கள். யாரும் நகரவில்லை.

பங்குச் சாமி பூசை உடுப்போடு வாசலுக்கே வந்துவிட்டார். "மேஸ்திரி, ஒரு வார்த்தை சொல்லுங்க. தாங்கும்னு உங்க வாயால சொன்னா எல்லாரும் வந்துருவாங்க."

கூட்டம் முழுக்க அவர் பக்கம் திரும்பியது.

அவர் வாயைத் திறந்தார். சுவர் எத்தனை முழம் கனம், வளைவின் பாரம் எந்தெந்தத் தூணில் இறங்குகிறது என்றெல்லாம் கேட்டிருந்தால் பொழுது சாயும்வரை சொல்லியிருப்பார். கேட்ட அந்த ஒரு வார்த்தை மட்டும் வரவில்லை.

அப்போது புருதென்ஸா கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள். துணி வெளுக்கிறவள். பழைய ஊரில் அவருடைய தெருக்காரி. அந்தத் தெருவில் பிழைத்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். ஆனாலும் இத்தனை வருடத்தில் அவர்கள் பேசிக்கொண்டு யாரும் பார்த்ததில்லை.

"இந்தத் தடவை நீங்க முன்னாடி போங்க, மேஸ்திரி."

கேலி என்று எடுத்துக்கொண்டு ஃபிலதெல்ஃபோ மறுபடி சிரித்தார்.

மேஸ்திரி தொப்பியைக் கழற்றினார். வழி விட்டார்கள். படியேறி, வாசலைத் தாண்டி, நடுக்கூடத்தில் வளைவின் நட்ட நடுவுக்குக் கீழே போய் நின்றார். கண்ணை மூடவில்லை. மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவ்வளவு பெரிய இடத்தில் அவர் ஒருவர் மட்டும்.

பிறகு ஃபிலதெல்ஃபோ மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் நாலு பேர். அப்புறம் ஊரே திமுதிமுவென்று நுழைந்தது. மேஸ்திரியைச் சுற்றி மட்டும் கொஞ்சம் இடம் விட்டு நின்றார்கள்.

புருதென்ஸா மட்டும் வெளியே நின்றாள். அவர் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருந்தாள்.

"உள்ள வரலாமா, மேஸ்திரி?"

பழைய ஊர் அழிந்த அந்தச் சனவரியில் பூமி ஆடியது ஒரு தடவை அல்ல. வெள்ளிக்கிழமை ஒரு ஆட்டம் லேசாக வந்து போயிருந்தது. சனம் வீடுகளை விட்டு ஓடி, இரண்டு இரவு வயலில் மழையில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, இருமுகிற கைக்குழந்தையோடு பத்தொன்பது வயதுப் புருதென்ஸா அவரிடம் வந்து கேட்டதும் இதுதான்: உள்ள போகலாமா? அவள் பின்னால் தெருவே நின்றது. அங்கே கல்லைத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

அவர் ஒவ்வொரு வீடாகப் போனார். விரிசலில் விரலை விட்டுப் பார்த்தார். சுத்தியலால் தட்டி, காதை வைத்துக் கேட்டார்.

"போங்க, ஒண்ணும் ஆகாது" என்றார்.

பதினொரு வீட்டுக்கும் சொன்னார். கடைசியாகத் தன் மனைவிக்கும் இரண்டு பெண்களுக்கும் சொன்னார்.

மதியம் பெரிய ஆட்டம் வந்து வீடுகள் விழுந்தபோது அவர் அடுத்த தெருவில் வேறொருவர் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தார். புருதென்ஸா குழந்தையின் ஈரத் துணியை அலசக் குளத்துக்குப் போயிருந்தாள்.

மேஸ்திரி உள்ளே போகச் சொன்னதை அவள் இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

இப்போது வாசலில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மேலே வளைவைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். வா என்று சொல்லவில்லை.

அவள் தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கோயிலுக்கு முதுகைக் காட்டி மேல்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

பூசை தொடங்கியது. எல்லோரும் பீடத்தைப் பார்த்து முழங்காலிட்டார்கள். மேஸ்திரி மட்டும் வாசல் பக்கம் திரும்பி, அந்த முதுகைப் பார்த்தபடி பூசை முடியும்வரை நின்றார்.

கூரை தாங்கியது.