பரிசு நாற்காலி

பழைய நூல் மில் இப்போது டிசைன் ஸ்டுடியோவும் கேலரியுமாக மாறியிருந்தது. அன்று அங்கே நாற்காலிப் போட்டி. அவள் ஆறு மாதம் இழைத்து இழைத்துச் செய்த நாற்காலியில் யாரோ ஒருவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த ஆளை எழுப்பு! நடுவர் வந்துட்டாரு!" என்று கணவன் பதறினான்.

"பாவங்க, அசந்து தூங்குறாரு. பரிசு போனாப் போகுது."

நடுவர் பக்கத்து நாற்காலியின் முன் நின்றார். அதன் வேலைப்பாடு கண்ணைப் பறித்தது.

"பிரமாதம்! இதைச் செஞ்சது யாருங்க?"

நடுவர் சுற்றிலும் பார்த்தார். குரலை உயர்த்தி மறுபடியும் கேட்டார்.

குறட்டை சட்டென்று நின்றது. தூங்கியவர் வாயைத் துடைத்துக்கொண்டே துள்ளி எழுந்தார்.

"நான்தான் சார்!"

நடுவர் இரண்டு நாற்காலிகளையும் மாறி மாறிப் பார்த்தார். வாய்விட்டுச் சிரித்தார்.

"அப்போ முதல் பரிசு எதுக்குன்னு நீங்களே சொல்லிட்டீங்க!"