எங்கே குறி வைப்பீங்க?

"ஆட்டைச் சுடுற வேலையா? கால்நடை டாக்டர்னுல்ல சொன்னாங்க!"

அக்னஸ் போட்ட சத்தத்தில் கூடமே திரும்பிப் பார்த்தது. பெண் பார்க்க வந்த டேவிட்சன் நீட்டிய செல்போனில் அவன் படம். பின்னால் செம்மண் மேடு. தோளில் துப்பாக்கி.

பெண் ஆஷ்லின் கதவோரம் நின்றிருந்தாள். பார்த்ததுமே அவனைப் பிடித்துப் போயிருந்தது. அம்மா காரியத்தைக் கெடுத்துவிடுவாள் போலிருக்கிறதே!

"டாக்டர்தாங்க. ஒரத்தநாட்டுல படிச்சேன். ஆஸ்திரேலியாவுல காட்டு ஆட்டைக் குறைக்கிற பிரிவுல இருக்கேன்" என்றான். "அங்கே கேட்பாரில்லாமப் பெருகிப்போச்சு. காட்டையே மொட்டையடிச்சிடுது. மழை பொய்ச்சா கூட்டங்கூட்டமாப் பட்டினி கிடந்து சாகுது."

அப்பா ஆண்டனி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். பட்டாளத்தில் இருந்தவர். துப்பாக்கி என்றதும் பத்து வயது குறைந்துவிட்டது.

"தோட்டா என்ன தம்பி? எங்க பட்டாளத்துத் தோட்டா மாதிரியா?"

"அது ஆகாது அங்கிள். இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் போயிடும். ஆடு காயத்தோட ஓடும். உள்ளே போனதும் விரியுற தோட்டாதான் வேணும்."

"சரி, குறி? தலைதானே?"

"தலையை ஆட்டிக்கிட்டே இருக்குமே! கொஞ்சம் தப்பினாலும் தாடை போயிடும். மேய முடியாமக் கிடந்து சாகும். முன்னங்காலை ஒட்டினாப்பல, பின்னாடி, நெஞ்சுல. இதயம், நுரையீரல் ரெண்டும் அங்கதான் இருக்கு."

"ஓடினா?"

கேட்டது ஆஷ்லின். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

டேவிட்சன் முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தான்.

"சுட மாட்டேங்க. நிக்கிற வரைக்கும் காத்திருப்பேன்."

"சபாஷ்!" ஆண்டனி தொடையில் தட்டினார்.

அக்னஸ் மகளை அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"ஈவு இரக்கமில்லாதவன்டி! வாயில்லா ஜீவனைக் கொன்னு சம்பாதிக்கிறவன் உன்னை எப்படி வச்சிருப்பான்? சாப்பாடு போட்டு அனுப்பிடுவோம்."

"எனக்குப் பிடிச்சிருக்கும்மா!"

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அக்னஸ் அவளை முறைத்தாள்.

கூடத்தில் இலை போட்டாயிற்று. வந்தவர்களுக்குக் குறை வைக்கக் கூடாது என்று அக்னஸ் தானே பாத்திரத்தோடு வந்தாள். 'குட்டியாப் பாத்து, இளசாப் போடுங்க' என்று கறிக்கடையில் நின்று வாங்கி வந்த ஆட்டுக்கறி. வாசனை தெருவரை போனது.

டேவிட்சன் இலையின் குறுக்கே கையை வைத்தான்.

"கூச்சப்படாதீங்க தம்பி" என்றாள் அக்னஸ், கரண்டியை இறக்காமலே.

பக்கத்து இலையிலிருந்த அவன் அம்மா எல்சி சிரித்தாள்.

"கூச்சமெல்லாம் இல்லீங்க. முதல் ஆட்டைச் சுட்ட அன்னைக்கு விட்டவன்தான், இன்னும் கறியைத் தொடலை."