மடிச் சோதனை

எம்புட்டு நேரந்தான் கெஞ்சுவான் அந்த ஆளு!

டிக்கெட் வாங்கின கையோட வரிசையில வந்து நின்னவன், பொண்டாட்டி காதுக்குள்ளயே ஓதிக்கிட்டு இருந்தான். ராட்டினம் ஏறலாம், டெல்லி அப்பளம் வாங்கித் தர்றேன், விடிஞ்சதும் மல்லுக்கட்டாம மலைக்கு ஜீப்பு ஏறிரு புள்ள.

அவ ஏறமாட்டாளாம். மலையே வேணாமாம். கீழயே, சிலமலை ஊர்க் காட்டுல களையெடுக்கப் போயிக்கிறாளாம். ஏன்னு கேட்டா வாயைத் தெறந்தாத்தானே?

அவன் காசிமாயன், அவ முத்துப்பேச்சி. கல்யாணமாகி முதல் பொங்கல். ரெண்டு பேருக்கும் மலையில, போடிமெட்டுக்கு அங்கிட்டு, வேற வேற ஏலக்காய்த் தோட்டத்துல சோலி. அவன் கெஞ்சுன கெஞ்சல்ல இம்புட்டும் வரிசைக்கே தெரிஞ்சுபோச்சு.

நான் சோலையம்மா. போடியில பொங்கலுக்குப் போடுற பொருட்காட்சி வாசல்ல பொம்பளைகளைச் சோதிக்கிறவ.

போன வருசம் ராட்டினத்துக்கு முன்னாடி ஒருத்தனைக் கத்தியால குத்திட்டாங்ய. அதுலருந்து, சோதிக்காம ஒருத்தரையும் உள்ள விடக்கூடாதுன்னு உத்தரவு. ஆம்பளைகளை ஜக்கையண்ணன் தடவிப் பாப்பாரு. பொம்பளைகளை நான் தட்டி மறைவுல கூப்பிட்டுப் பாப்பேன். அப்புறந்தான் டிக்கெட்டைக் கிழிப்போம்.

ஊர்க்காரிக வைய்யிற வசவு கொஞ்சமா? "என் மடியில என்னத்தடி தேடுற, ஒன் மாமியா ஒளிஞ்சிருக்காளா?"ம்பாளுக. நானும் லேசுல விடமாட்டேன்.

மலையில வேலை பாக்குறவளுக அப்படி இல்ல. நான் கேக்குறதுக்கு முன்னாடியே மடியை அவுத்து உதறிக் காட்டுவாளுக. அங்க தெனமும் காய் எடுத்துட்டுத் திரும்பையில, ஏலக்காயை ஒளிச்சுக் கொண்டு போறாளுகளான்னு கேட்டுல காவலுக்கு நிக்கிற காக்கிச் சட்டை வாட்சர் பாப்பான். அந்தப் பழக்கம் இங்கயும் வந்துரும். அதைப் பாத்து நாங்க சிரிப்போம்.

பொழுது சாயிற நேரம். முத்துப்பேச்சி முறை வந்துச்சு.

"இங்கிட்டு வா ஆத்தா"ன்னு கூப்பிட்டேன். அவ காதுல விழல. ஜக்கையண்ணன் போட்டிருந்த காக்கிச் சட்டையையே பாத்துக்கிட்டு நின்னா.

மடியை உதறல. விறுவிறுன்னு டிக்கெட் கொட்டாய்க்குப் பின்னாடி, வெளிச்சம் விழாத பக்கமாப் போயிட்டா.

"ஏம்மா, எங்க போற?"ன்னு ஜக்கையண்ணன் டார்ச்சைத் தூக்கிக்கிட்டுப் போனாரு. பின்னாடியே நான் ஓடுனேன். எனக்குப் பின்னாடி காசிமாயன்.

அவ கொட்டாய்த் தட்டியைப் பாத்துத் திரும்பி நின்னுக்கிட்டு இருந்தா. முந்தானை கீழ கெடந்துச்சு. ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கித் தட்டியைப் பிடிச்சிருந்தா. கண்ணை இறுக்கி மூடியிருந்தா.

"ஆளுக வர்றதுக்குள்ள வெரசாப் பாத்துருங்கண்ணே."

ஜக்கையண்ணன் "அய்யோ ஆத்தா"ன்னு டார்ச்சை அணைச்சிட்டுத் திரும்பி நின்னுட்டாரு. பேத்தி எடுத்த மனுசன் அவரு.

வரிசையிலருந்து எட்டிப் பாத்த எவனோ சிரிச்சான். "சிரிப்பென்னடா சிரிப்பு, எடுபட்ட பயலே!"ன்னு கத்திட்டு, முந்தானையை எடுத்து அவ தோள்ல போட்டேன். என் கை பட்டதும் அவ ஒடம்பு வெறச்சுச்சு. இதைப் பாத்தா நாங்க இத்தனை நாளாச் சிரிச்சோம்?

அவ கண்ணைத் தெறந்து ராட்டினத்து லைட்டைப் பாத்தா. என்னையப் பாத்தா. அப்புறம் புருசனைப் பாத்தா.

"கோவிச்சுக்காதீக. விடிஞ்சதும் ஜீப்பு ஏறிர்றேன்."

"வேணாம்"ன்னான் அவன். "நீ இனிமே மலைக்கே வேணாம் புள்ள."

எனக்கு மனசு நெறஞ்சுபோச்சு. மலையில நடந்ததைப் பத்தி அவ ஒரு வார்த்தை சொல்லல, அழுகல, அதுக்குள்ள புரிஞ்சுக்கிட்டானே! வேற எவனாவது இருந்தா அந்த எடத்துலயே அவளைப் போட்டு அடிச்சிருப்பான்.

"எனக்கே வெளங்க நேரமாச்சு. நீ எப்படிப்பா நின்ன நிப்பைப் பாத்தே கண்டுபிடிச்ச?"ன்னு வாய்விட்டே கேட்டுட்டேன்.

அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

"பக்கத்துத் தோட்டத்துக் கேட்டுல நாந்தான்க்கா வாட்சர்."

நான் முத்துப்பேச்சி கையைப் பிடிச்சு என் பக்கமா இழுத்துக்கிட்டேன்.