ஜெர்மனிக்குப் போகிற பிள்ளை

"ஜெர்மனியில கரண்டு போகவே போகாது. குழாயில எந்நேரமும் தண்ணி," என்றார் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சம்பந்தம் பேச வந்திருந்த மாரீஸ்வரன்.

"இங்க ராஜபாளையத்துல தண்ணி வந்தாலே திருவிழாதான்," என்றார் மில் வேலை பார்க்கும் ராக்கப்பன். "வீட்டு வேலைக்கு ஆள் கிடைக்குமா?"

"அது மட்டும் நடக்காது. சமையல், துணி, கக்கூஸ் கழுவுறது எல்லாம் நம்ம கைதான்."

ராக்கப்பனுக்குத் திக்கென்றது. செல்லமாய் வளர்ந்த பிள்ளை, தின்ற தட்டைக்கூடக் கழுவியதில்லை. நல்ல இடம் இதனாலேயே கைவிட்டுப் போயிருமோ?

"பிள்ளைக்குச் சமைக்கத் தெரியும்ல?" என்று கேட்டார் மாரீஸ்வரன்.

"இந்தக் கேசரியே பிள்ளை கிண்டுனதுதான்," என்றாள் ராக்கப்பன் மனைவி முத்தாத்தாள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். "ஏய்யா கௌதம்ராஜ், காபியைக் கொண்டா."

வேட்டி தடுக்க, தட்டை ஏந்தி வந்து தலைகுனிந்து நின்றான் மகன்.

ஜெர்மனியில் நர்ஸ் வேலை பார்த்து லீவில் வந்திருக்கும் மாரீஸ்வரன் மகள் முனீஸ்வரி, ஒரு வாய் குடித்தாள். காபியில் சீனியே இல்லை.

"கேசரி அத்தை கிண்டுனது. காபி மட்டும்தான் இவரு," என்று சிரித்தாள். "பரவால்ல, அங்க வந்து பழகிக்கிடட்டும். எனக்குச் சம்மதம்ப்பா."